லூபஸ் இருக்கிறது, கேமராவோடு தெருவுக்குப் போகலாமா?

கடிதத்தின் சுருக்கம்

41 வயதுப் பெண் ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சாரத்தை மட்டும் தருகிறேன். 6 வருடங்களாக அவருக்கு லூபஸ், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நாள்பட்ட நோய். அதைக் கட்டுக்குள் வைக்கத் தினமும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மாத்திரை, கூடவே குறைந்த அளவு ஸ்டீராய்டு. விரல் மூட்டுகளிலும் மணிக்கட்டிலும் வலி, அதைவிடப் பெரிய தொல்லை சோர்வு. பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், 3 வருடங்களுக்கு முன்பு வேலையை விட்டுவிட்டார். தம்பி சும்மா வைத்திருந்த ஒரு பெரிய கேமரா அண்மையில் கைக்கு வந்திருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்குக் கிளம்பி, 4 மணி நேரம் தெருத்தெருவாக நடந்து படம் எடுத்திருக்கிறார். "அந்த 4 மணி நேரமும் எனக்கு நோய் இருப்பதே மறந்துபோனது, வலி தெரியவே இல்லை" என்கிறார். மறுநாளிலிருந்து 3 நாள் படுக்கை. 10 நாள் கழித்துக் கன்னத்திலும் கைகளிலும் சிவந்த தடிப்பு, அது இன்னும் முழுசாகப் போகவில்லை. கணவர் "இனிமேல் இது வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். நாத்தனாரோ "ஊர் சுற்றிப் படம் எடுக்க உடம்பு இடம் கொடுக்குது, வீட்டு வேலைக்கு மட்டும் கொடுக்காதா" என்று கேட்டுவிட்டார். தன்னைப் படம் எடுத்துவிட்டார் என்று நடுத்தெருவில் ஒருவர் திட்டியதும் மனசை விட்டுப் போகவில்லை.

அவர் கேட்பது இவ்வளவு: இதைத் தொடரலாமா, விட்டுவிட வேண்டுமா? பழகப் பழக உடம்பு தாங்கிக்கொள்ளுமா? வலி தெரியவில்லை என்பதால் மாத்திரையைக் குறைக்கலாமா, அதுவும் அந்த மாத்திரை கண்ணைக் கெடுக்கும் என்று படித்ததிலிருந்து பயமாக இருக்கிறதே? முன்பின் தெரியாதவர்களைப் படம் எடுப்பது தப்பா? கடைசியாக, அந்தக் கனமான கேமராவை விற்றுவிடலாமா?

பதில்

சகோதரி, தொடருங்கள். இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் உங்கள் கடிதத்தைப் படித்தால் நான் "வேண்டாம்" என்று சொல்லிவிடுவேன் என்ற பயத்தோடு எழுதியது போல இருக்கிறது. நான் மூட்டுவாத நோய்களுக்கு வைத்தியம் பார்ப்பவன். நோய் வந்த பிறகு ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், வேலை, பயணம், நண்பர்கள், கடைசியில் வாசல்படி. ஆறு வருடத்துக்குப் பிறகு நீங்கள் ஒன்றைப் புதிதாகக் கையில் எடுத்திருக்கிறீர்கள். அதைப் பிடுங்க எனக்கு மனசு வராது, மருத்துவக் காரணமும் இல்லை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மாதிரி இன்னொரு முறை வேண்டாம். நீங்கள் படம் எடுத்ததால் படுக்கையில் விழவில்லை. உச்சி வெயிலில், கனமான பொருளைச் சுமந்துகொண்டு, 4 மணி நேரம் இடைவிடாமல் நடந்ததால் விழுந்தீர்கள். வெயில், சுமை, நடை மூன்றையும் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது பார்ப்பதும் காத்திருப்பதும்தான், தெருப் படத்தின் உயிரும் அங்கேதான் இருக்கிறது. உங்கள் கணவர் மூன்றையும் படத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பார்க்கிறார். நீங்களும் அப்படியே பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன், அதனால்தான் "தொடரவா, விடவா" என்று இரண்டே வழி தெரிகிறது.

நடக்கப் போகாதீர்கள், உட்காரப் போங்கள்

தெருவில் படம் எடுப்பதென்றால் நாள் முழுக்க அலைய வேண்டும் என்ற எண்ணம் எப்படியோ பலருக்கும் வந்துவிடுகிறது. அலைந்து எடுப்பவர்கள் உண்டு. அதே அளவுக்கு, ஒரு நல்ல பின்னணியையும் நல்ல வெளிச்சத்தையும் பார்த்து வைத்துக்கொண்டு, மடையோரக் கொக்கு போல அங்கேயே நின்று, சரியான ஆள் சரியான இடத்தில் கால் வைக்கும் வரை காத்திருப்பவர்களும் உண்டு. தெரு ஓடிக்கொண்டேதான் இருக்கிறது, அதைத் துரத்திக்கொண்டு நீங்களும் ஓட வேண்டியதில்லை. ஒரு சுவர், அதன்மேல் விழும் சாய்ந்த வெளிச்சம், எதிரில் உட்கார ஓர் இடம். இருபது நிமிடத்தில் நூறு பேர் அந்தச் சுவரைக் கடந்து போவார்கள், அதில் ஒருவர் உங்கள் படம்.

வீட்டை விட்டே வெளியேறாமல் எடுத்தவர்களும் இருக்கிறார்கள். பிராகில் வாழ்ந்த யோசஃப் சுடெக் முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். 1940-இல் தொடங்கி பல வருடங்கள் தன் ஸ்டூடியோ சன்னலையே, அதன் கண்ணாடியில் படிந்த பனித்திவலை, அதற்கு அப்பால் மங்கலாகத் தெரியும் கோணல் மரம் என்று திரும்பத் திரும்ப எடுத்தார். ஆந்த்ரே கெர்டெஸ் 1952-இலிருந்து நியூயார்க்கில் ஒரு பூங்காவைப் பார்த்த மாடி வீட்டில் இருந்தார், பனியில் நடப்பவர்களின் காலடித் தடங்களை எல்லாம் மேலிருந்தே படமாக்கினார். இவர்களை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. ஒரே இடத்தை நாள்பட்டுப் பார்ப்பது இந்தக் கலையில் மதிப்புள்ள ஒரு முறை, உங்கள் உடம்பு அந்த முறைக்கு ஏற்கெனவே தயாராக இருக்கிறது.

சரி, எவ்வளவு நேரம்? முதல் இரண்டு வாரத்துக்கு வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 20 நிமிடம், உட்கார்ந்தபடி. வீட்டிலிருந்து நடந்து சேர 5 நிமிடத்துக்கு மேல் ஆகாத இடம். போக வர ஆகும் நேரமும், குளித்துக் கிளம்பும் அலுப்பும்கூடக் கணக்கில் சேரும் என்பதை மறக்காதீர்கள், அதை மறந்துதான் பலரும் ஏமாறுகிறார்கள். லூபஸ் உள்ள ஒரு பெண் 2003-இல் தன் தோழிக்கு இதைப் புரியவைக்கக் கையில் கிடைத்த கரண்டிகளை வைத்துக் கணக்குச் சொன்னார்: காலையில் எண்ணிக் கொடுக்கப்பட்ட கரண்டிகள்தான், எழுந்திரிக்க ஒன்று, உடுத்த ஒன்று, தீர்ந்தால் தீர்ந்ததுதான். உலகம் முழுக்க நாள்பட்ட நோயோடு இருப்பவர்கள் இன்றும் அந்தக் கரண்டிக் கணக்கில் பேசிக்கொள்கிறார்கள்.

நேரம் முடிந்ததும் எழுந்துவிட வேண்டும், நன்றாகப் போய்க்கொண்டிருந்தாலும்கூட. இதுதான் இருப்பதிலேயே கஷ்டம், எனக்குத் தெரியும். வெளிச்சம் அப்போதுதான் அழகாகும். அதனால் மணி அடிக்க வைத்துவிட்டு உட்காருங்கள், களைத்த பிறகு நிறுத்துவதற்கும் களைக்கும் முன்பே நிறுத்துவதற்கும் மறுநாள் காலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

"பழகப் பழகத் தாங்கும்" என்பது பாதிதான் சரி

லூபஸ் சோர்வுக்கு அளவான உடற்பயிற்சி உதவும் என்பது உண்மைதான், முழு ஓய்வு தசையை இளைக்க வைத்துச் சோர்வைக் கூட்டும். அந்த வகையில் உங்கள் நினைப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினால் உடம்பு வழிக்கு வந்துவிடும் என்பது வேறு விஷயம், அது இந்த நோயில் நடக்காது. நல்ல நாளில் எல்லாவற்றையும் செய்து தீர்ப்பது, அடுத்த மூன்று நாள் விழுந்து கிடப்பது, எழுந்ததும் மறுபடி அதையே செய்வது, இந்தச் சுழலில் மாட்டினால் மாதங்கள் போகப் போக நல்ல நாட்கள்தான் குறையும்.

இதற்கு இரண்டு அளவுகோல்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மூட்டுக்கு: வெளியே போய்வந்து 2 மணி நேரம் கழித்து, போவதற்கு முன்பு இருந்ததைவிட வலி கூடுதலாக இருந்தால், செய்தது அதிகம், அடுத்த முறை குறையுங்கள். இன்னொன்று சோர்வுக்கு: அன்றைக்கு இல்லாமல் மறுநாளோ அதற்கு மறுநாளோ பெரிய சரிவு வருகிறதா என்று பாருங்கள். ஒரு சின்ன நோட்டில் தேதி, எத்தனை நிமிடம், வெயிலா நிழலா, 2 மணி நேரம் கழித்து வலி எப்படி, அடுத்த இரண்டு நாள் எப்படி என்று ஒரு வரி எழுதினால் போதும். இரண்டு வாரம் சரிவு இல்லாமல் போனால் 5 நிமிடம் கூட்டலாம். சரிவு வந்தால் பழைய அளவுக்கே திரும்புங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சிறு உழைப்புக்கே ஒவ்வொரு முறையும் ஓரிரு நாள் தள்ளிப் பெரும் சரிவு வந்தால், தூங்கி எழுந்தாலும் அது தீராவிட்டால், உங்கள் மருத்துவரிடம் அதைத் தனியாகச் சொல்லுங்கள். நாள்பட்ட களைப்பு நோயில் வரும் சரிவு அப்படித்தான் இருக்கும். அந்த நோயாளிகளுக்குப் படிப்படியாகப் பயிற்சியைக் கூட்டும் முறையைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று பிரிட்டனின் தேசிய வழிகாட்டுதல் 2021-இல் மாற்றி எழுதப்பட்டது. அப்படியானால் நான் மேலே சொன்ன "5 நிமிடம் கூட்டலாம்" என்பதும் உங்களுக்குப் பொருந்தாது. சோர்வுக்கு ரத்தசோகை, தைராய்டு, தூக்கக் கோளாறு, மனச்சோர்வு என்று சரிசெய்யக்கூடிய காரணங்களும் உண்டு, எல்லாவற்றையும் லூபஸ் கணக்கிலேயே எழுதிவிட வேண்டாம்.

வெயில், நிழலின் நீளம், சன்னல் கண்ணாடி

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், உங்கள் விஷயத்தில் அதிகம் கெடுத்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

சூரியனின் புற ஊதாக் கதிர் லூபஸ் உள்ளவர்களின் தோலை மட்டும் சீண்டுவதில்லை, மூட்டு வலி, காய்ச்சல், சோர்வு என்று நோயையே கிளப்பிவிடக் கூடும். நீங்கள் "அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை, 10 நாள் கழித்துத்தான் தடிப்பு வந்தது, அதனால் வெயில் காரணமாக இருக்காது" என்று எழுதியிருக்கிறீர்கள். லூபஸில் வெயிலால் வரும் தடிப்பு பல நேரம் அப்படித் தாமதமாகத்தான் வரும், சில நாளிலிருந்து மூன்று வாரம் வரைகூட ஆகலாம். அன்று மாலை கண்ணாடியில் பார்த்து, தோல் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு, படம் எடுப்பவர்களுக்கு என்றே செய்தது போல இருக்கும். தரையில் விழும் உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் புற ஊதாக் கதிர் கடுமையாக இருக்கும் நேரம், உள்ளே போய்விடுங்கள். நிழல் உங்களைவிட நீளமாக, அதுவும் இரண்டு மடங்கு மூன்று மடங்கு நீளமாக இருந்தால் கதிர் பெரிதும் தணிந்திருக்கும். நல்ல தெருப் படங்கள் கிடைக்கும் வெளிச்சமும் அதுதான், முகத்தில் பக்கவாட்டில் விழும், சுவரில் நீள நிழல்களைத் தீட்டும். உச்சி வெயிலில் கண்குழியில் கறுப்பு விழுந்த முகங்கள்தான் கிடைத்தன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே. உங்கள் தோலுக்கு ஆகாத நேரம் படத்துக்கும் அவ்வளவாக ஆகாது.

நீள நிழல் நேரத்திலும் பாதுகாப்பு வேண்டும். உடலில் வெயில் படும் எல்லா இடத்துக்கும் எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் அளவு) 30-க்குக் குறையாத, புற ஊதா ஏ, பி இரண்டையும் தடுக்கும் சன்ஸ்க்ரீன், கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பு, வெளியே இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி. காதும் கழுத்தின் பின்பக்கமும் கைகளின் மேல்பக்கமும் பலர் மறக்கும் இடங்கள், கேமரா பிடிக்கும்போது முழு வெயிலும் விழுவது அந்தக் கையின் மேல்தான். நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டை, அகல விளிம்புத் தொப்பி. தொப்பி விளிம்பு கேமராவில் இடிக்கும், அதனால் கண்ணருகே வைத்துப் பார்க்காமல் பின் திரையைப் பார்த்து எடுக்கப் பழகுங்கள். மேகமூட்டத்தை நம்பி எதையும் விட்டுவிடாதீர்கள், மெல்லிய மேகம் புற ஊதாக் கதிரில் பெரும் பகுதியை அப்படியே விட்டுவிடும்.

சன்னலோரம் பாதுகாப்பு என்று நினைப்பதும் முழுக்கச் சரியில்லை. சாதாரணக் கண்ணாடி புற ஊதா பி கதிரைப் பெரும்பாலும் தடுக்கும், ஏ கதிரை நிறையவே உள்ளே விடும், லூபஸுக்கு இரண்டும் ஆகாது. நேர் வெயில் விழாத சன்னலைத் தேர்ந்தெடுங்கள், அல்லது புற ஊதாவைத் தடுக்கும் ஒட்டுத்தாள் கண்ணாடியில் ஒட்டுங்கள்.

இப்போது இருக்கும் தடிப்பைச் சீக்கிரமே மருத்துவரிடம் காட்டுங்கள். அதோடு காய்ச்சல், மூட்டு வீக்கம், மூச்சை இழுக்கும்போது நெஞ்சு வலி, கால் வீக்கம், நுரைத்து வரும் சிறுநீர், இதில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள். லூபஸ் சிறுநீரகத்தைத் தொடும்போது பல நேரம் வலியே இருக்காது.

கையில் எது இருக்கலாம்

தம்பியின் கேமராவும் லென்ஸும் சேர்ந்து ஒன்றே முக்கால் கிலோ என்று எடை போட்டே எழுதியிருக்கிறீர்கள். வீங்கிய மணிக்கட்டுக்கு அது ரொம்பவே அதிகம். கழுத்தில் தொங்கினால் கழுத்துக்கு, தோளில் போட்டால் தோளுக்கு, சுமை எங்கேயும் போய்விடுவதில்லை. வெளியே எடுத்துப்போக உங்கள் கைப்பேசியே போதும், ஏறக்குறைய 200 கிராம். தனிக் கேமராதான் வேண்டும் என்றால் சட்டைப் பையில் அடங்குகிற சின்ன வகைகள் உண்டு, தெருப் படக்காரர்கள் பலர் விரும்பும் ரிக்கோ ஜிஆர் 3 பேட்டரியோடு சேர்த்து 257 கிராம்தான்.

பிடிக்கும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. விரல் நுனிகளால் இறுக்கிப் பிடிக்காமல் உள்ளங்கையில் ஏந்துங்கள், இன்னொரு கை அடியில் தாங்கட்டும், முழங்கையைச் சுவரிலோ நாற்காலிக் கையிலோ மடியிலோ ஊன்றுங்கள். கைப்பேசியில் ஒலி கூட்டும் பட்டனை அழுத்தியும் படம் எடுக்கலாம், திரையைத் தொடக் கட்டைவிரலை நீட்டி வளைக்க வேண்டியதில்லை. குளிரில் விரல்கள் வெளுத்து நீலமாவது உங்களுக்கு உண்டா என்று எழுதவில்லை, லூபஸில் பலருக்கு இருக்கும். இருந்தால் குளிர்ந்த உலோகத்தை வெறும் கையால் பிடிக்காதீர்கள்.

ஒவ்வொரு முறையும் ஃபோகஸ் தேடும் வேலையையும் மிச்சப்படுத்தலாம். முழுச் சட்டகக் கேமராவில் 35 மில்லிமீட்டர் லென்ஸின் திறப்பை எஃப் 8 என்ற அளவில் வைத்து, ஃபோகஸை 3 மீட்டரில் நிறுத்திவிட்டால், சுமார் 2 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். பழைய காலத்திலிருந்து தெருப் படக்காரர்கள் செய்துவருவது இது. சுவர் 5 மீட்டரில் இருந்தால் போதும், யார் கடந்தாலும் அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். கீழ்க் கோணத்துக்காகக் குத்த வைத்து உட்கார்ந்ததாக எழுதியிருக்கிறீர்கள். நாள்பட்டு ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு எலும்பு பலவீனமாகலாம், சிலருக்கு இடுப்பு மூட்டு எலும்பின் ரத்த ஓட்டம் பாதிக்கும். தொடை இடுக்கில் வலி வந்தால் அலட்சியம் வேண்டாம். கீழ்க் கோணம் வேண்டும் என்றால் உட்கார்ந்தபடி கேமராவை மட்டும் கீழே இறக்குங்கள்.

மாத்திரையில் கை வைக்காதீர்கள்

நீங்கள் வலி தெரியவில்லை என்று எழுதியதை நான் முழுசாக நம்புகிறேன். மனம் ஒன்றில் ஆழ்ந்திருக்கும்போது மூளை வலியைப் பின்னுக்குத் தள்ளும், அது கற்பனையில்லை, உடம்புக்குள் உண்மையாக நடப்பது. ஆனால் அந்த நேரத்தில் நோய் தூங்கிவிடவில்லை, அதன் குரல்தான் கேட்கவில்லை. உங்கள் 3 நாள் படுக்கையே அதற்குச் சாட்சி. அதே காரணத்தால்தான் மணி அடிக்க வைக்கச் சொன்னேன், படம் எடுக்கும்போது உங்கள் உடம்பின் எச்சரிக்கை உங்களுக்குக் கேட்காது.

ஹைட்ராக்சிகுளோரோகுயினை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நல்ல ஆய்வு 1991-இல் கனடாவிலிருந்து வந்தது. நோய் கட்டுக்குள் இருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு மாத்திரையைத் தொடர்ந்து கொடுத்தார்கள், மற்றவர்களை மருந்தில்லாத வெற்று மாத்திரைக்கு மாற்றினார்கள், யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாதபடி. மாற்றப்பட்டவர்களுக்கு நோய் மறுபடி கிளம்பும் வாய்ப்பு இரண்டரை மடங்கு இருந்தது. ஸ்டீராய்டை நீங்களாகச் சட்டென்று நிறுத்துவது இன்னும் ஆபத்து, உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டைக் குறைத்திருக்கும், திடீரென்று விட்டால் மயங்கி விழும் அளவுக்குப் போகலாம்.

கண் பயம் புரிகிறது, படம் எடுக்கத் தொடங்கிய நேரத்தில் கண்ணைப் பற்றி அப்படிப் படித்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். முழு விவரமும் இதுதான்: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமுக்கு மிகாமல் எடுத்தால், விழித்திரை பாதிக்கும் வாய்ப்பு முதல் 5 வருடங்களில் 1 சதவீதத்துக்கும் குறைவு, 10 வருடம் வரை 2 சதவீதத்துக்கும் குறைவு. 20 வருடத்துக்கு மேல் போனால் 20 சதவீதத்துக்கு அருகில் வரும். சிறுநீரகம் சரியில்லாவிட்டால் ஆபத்து கூடும். மாத்திரை தொடங்கிய முதல் வருடத்துக்குள் ஒரு கண் பரிசோதனை, 5 வருடம் ஆன பிறகு வருடா வருடம். பார்வைப் புலச் சோதனையும் விழித்திரையை அடுக்கடுக்காகப் படம் எடுக்கும் ஓசிடி சோதனையும் செய்வார்கள். பார்வை குறைவதை நீங்கள் உணர்வதற்கு முன்பே பாதிப்பைக் கண்டுபிடிக்கத்தான் இந்த ஏற்பாடு. உங்களுக்கு 6 வருடம் ஆகிவிட்டது, கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை. பார்க்கவில்லை என்றால் இந்த மாதமே பாருங்கள், உங்கள் எடைக்கு அளவு சரியா என்றும் கேளுங்கள்.

திட்டியவர், முகங்கள், அனுமதி

நான் வழக்கறிஞர் இல்லை, அதனால் சுருக்கமாக. பொது இடத்தில் படம் எடுப்பதைப் பல நாடுகள் தடுப்பதில்லை, ஆனால் எடுப்பது வேறு, வெளியிடுவது வேறு. ஜெர்மனியில் 1907-ஆம் வருடச் சட்டம் ஒன்று இன்றும் நடைமுறையில் இருக்கிறது, ஒருவரின் உருவத்தைப் பரப்ப அவருடைய ஒப்புதல் வேண்டும் என்கிறது, சில விலக்குகளோடு. வேறு நாடுகளில் வேறு மாதிரி. விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதென்றால் ஒப்புதல் வாங்கியே தீர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டத்தை ஒரு முறை விசாரித்துவிடுங்கள்.

சட்டத்துக்கு அப்பால் ஒரு கேள்வி உண்டு, அதற்குப் பதில் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். முகம் முழுக்கத் தடிப்போடு, வீங்கிய கன்னத்தோடு நீங்கள் ஒதுங்கி நடந்த நாளில் யாராவது உங்களைப் படம் எடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? அழுபவர், விழுந்து கிடப்பவர், நோயால் தளர்ந்தவர், தனியாக நிற்கும் குழந்தை, இவர்களை நான் எடுக்க மாட்டேன். யாராவது வேண்டாம் என்றால் அவர் கண் முன்னாலேயே அழித்துவிட்டு, மன்னிக்கச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். உரிமையைப் பற்றி வாதாடலாம்தான், ஆனால் அந்த வாதம் உங்கள் அன்றைய பலத்தில் பாதியைத் தின்றுவிடும். அந்த மனிதர் திட்டியதால் நீங்கள் கெட்டவராகிவிடவில்லை.

முகம் தெரியாத படங்களுக்கும் பஞ்சமில்லை. நிழல்கள், முதுகுகள், கைகள், நனைந்த தரையில் தெரியும் பிம்பங்கள். ஒரே இடத்தில் வாரா வாரம் உட்கார்ந்தால் இன்னொன்றும் நடக்கும், அங்கே வருபவர்களுக்கு உங்களைப் பழகிவிடும். நான்காவது வாரம் அவர்களே "இன்றைக்கு என்ன கிடைத்தது" என்று கேட்பார்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்கு

உங்கள் கணவர் பயந்திருக்கிறார், 3 நாள் உங்களைப் படுக்கையில் பார்த்தவர் அவர். "நீங்கள் என்னைக் கட்டிப்போடுகிறீர்கள்" என்று பேச்சைத் தொடங்காமல் அந்த நோட்டைக் காட்டுங்கள். 20 நிமிடம், நிழலில், உட்கார்ந்தபடி, மறுநாள் சரிவு இல்லை என்று நான்கு வரி இருந்தால் அவர் மனசு இளகும் என்றே நினைக்கிறேன். முதல் சில தடவை அவரும் பக்கத்தில் வந்து உட்காரட்டுமே.

நாத்தனார் கேட்ட கேள்வி உங்களை எவ்வளவு குத்தியது என்று அதை இரண்டு முறை எழுதியதிலிருந்தே தெரிகிறது. அவருக்கு ஒரு விளக்கம் கொடுக்கலாம்: லூபஸில் பலம் நாளுக்கு நாள் மாறும், ஒரு மணி நேரம் வெளியே தெரிகிற ஆளுக்குப் பின்னால் படுத்திருந்த பல மணி நேரம் இருக்கிறது. அதைக் கேட்டும் புரியாவிட்டால் விட்டுவிடுங்கள். இருக்கிற பலம் முழுவதையும் அடுப்படிக்கும் துணி மடிப்பதற்கும் கொடுத்த பிறகுதான் மிச்சத்தில் சந்தோஷப்படலாம் என்று எந்த வைத்திய நூலிலும் எழுதவில்லை. உங்களுக்குப் பிடித்த ஒன்றுக்காகக் கொஞ்சம் பலத்தை முன்கூட்டியே எடுத்து வைக்கலாம், அதற்கு யாரிடமும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியதில்லை.

நோய் காரணமாகக் காப்பீட்டுத் தொகையோ உதவித்தொகையோ வாங்குகிறீர்கள் என்றால் எதையும் மறைக்காதீர்கள். கேட்டால், எவ்வளவு நேரம் செய்தேன், எப்படிச் செய்தேன், அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் படுத்தேன் என்று முழுசாகச் சொல்லுங்கள். அங்கேயும் அந்த நோட்டு உதவும்.

கேமராவை விற்க வேண்டாம். நேர் வெயில் விழாத சன்னல் ஒன்றைப் பார்த்து, தெருவை நோக்கி முக்காலியில் பொருத்தி நிரந்தரமாக அங்கேயே விட்டுவிடுங்கள், முக்காலி சுமந்துகொள்ளும், உங்கள் மணிக்கட்டு சுமக்க வேண்டாம். ரிமோட் பட்டன் இருந்தால் அதையும் மாட்டுங்கள். எழுந்து வெளியே போக முடியாத நாளில் நாற்காலியை அதன் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்காருங்கள், நிழல் நீளும் நேரம் பார்த்து.